போதைக்கு அடிமையாவது பிறவிக் குணமா?

தம்பியின் நிலை குறித்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 24 வயதான தம்பி, வலி நிவாரண மாத்திரைகளைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ளும் பழக்கத்தில் சிக்கியிருக்கிறார். இரண்டு முறை மறுவாழ்வு மையத்தில் சேர்த்தார்கள். இரண்டு முறையும் வீடு திரும்பிய சில வாரங்களில் மீண்டும் தொடங்கிவிட்டார். தாய்மாமன் குடித்தே உயிர்விட்டவர். பள்ளி நாட்களில் வீடியோ கேம், கல்லூரியில் சிகரெட், இப்போது இது என்று, தொட்ட எதையும் தம்பியால் அளவோடு நிறுத்திக்கொள்ள முடிந்ததில்லை. ‘அது அவன் ரத்தத்திலேயே ஊறியது, இனிமேல் செலவழிப்பது வீண்’ என்று உறவினர்கள் சொல்கிறார்கள். போதைக்கு அடிமையாவதற்கென்றே ஓர் ஆளுமை உண்டா, உண்டென்றால் சிகிச்சையால் என்ன பயன் என்பதுதான் அவர் கேட்பது.

அப்படிப்பட்ட தனி ஆளுமை வகை ஒன்றை ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக மருத்துவர்கள் தேடியிருக்கிறார்கள், கிடைக்கவில்லை. அபாயத்தைக் கூட்டும் இயல்புகள் சில உண்டு, பரம்பரைக்கும் பங்கு உண்டு, இரண்டையும் மறுக்க மாட்டேன். ஆனால் ஒருவருடைய மூளை ஒரு பொருளிடமிருந்து, ஒரு சூழலில், ஏதோ ஒரு தேவைக்காகத் திரும்பத் திரும்பக் கற்றுக்கொண்டதே அடிமைத்தனம். கற்றது எளிதில் அழியாது என்பதால்தான் அது குணம் போலத் தோற்றம் தருகிறது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் தம்பி ஏன் இரண்டு முறையும் மீண்டும் தொடங்கினார் என்பதும் விளங்கும். அடுத்த முறை எதை மாற்ற வேண்டும் என்பதும் விளங்கும்.

ஆளுமைதான் காரணம் என்ற கருத்து எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையில் பணியாற்றிய லாரன்ஸ் கோல்ப் என்ற மருத்துவர், 1920களில் ஓபியம், மார்ஃபின், ஹெராயின் ஆகியவற்றுக்கு அடிமையானவர்களை ஆராய்ந்து, அவர்களை வகைகளாகப் பிரித்து எழுதினார். இயல்பான மனநிலை கொண்டவருக்கு இப்பொருள்கள் வலியைப் போக்குமே தவிரப் பெரிய இன்பம் எதையும் தருவதில்லை, ஏற்கெனவே மனக்கோளாறு உள்ளவரே அவற்றில் இன்பம் காண்கிறார் என்பது அவருடைய கருத்து. 1935இல் கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகருக்கு வெளியே, பாதி சிறையும் பாதி மருத்துவமனையுமாக, பண்ணையோடு கூடிய ஒரு பெரிய அரசு நிறுவனம் போதை நோயாளிகளுக்கெனத் திறக்கப்பட்டபோது அதன் முதல் தலைவராக அமர்ந்தவரும் கோல்ப்தான். 1952இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட முதல் நோய்வகைக் கையேடு, போதை அடிமைத்தனத்தைச் சமூக விரோத ஆளுமைக் கோளாறுகளின் தலைப்பின் கீழ் வைத்தது. 1980இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் அது ஆளுமைக் கோளாறுகளிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி நோயாக இடம்பெற்றது. இன்று வீட்டுத் திண்ணையில் ‘அவன் பிறவியே அப்படி’ என்று சொல்கிறவர், மருத்துவம் கைவிட்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேலான ஒரு கருத்தைத்தான் திரும்பச் சொல்கிறார்.

மருத்துவம் அதைக் கைவிட்டதற்கு ஒரு முக்கியமான காரணம், ஆளுமை எந்தக் கட்டத்தில் அளக்கப்பட்டது என்பது. பத்தாண்டுகள் குடித்து, வேலையை இழந்து, குடும்பத்தாரிடம் பொய் சொல்லியே பழகிய ஒருவரை மருத்துவமனையில் உட்கார வைத்து ஆளுமைத் தேர்வு கொடுத்தால், பொறுப்பின்மையும் பிறர்மீது அவநம்பிக்கையும் அத்தேர்வில் வெளிப்படத்தான் செய்யும். அவை குடிக்கு முன்பே இருந்தவையா, குடியால் வந்தவையா என்பதை அந்தத் தாளை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. இதற்கு விடை தேடிய ஓர் ஆய்வு 1973இல் வெளியானது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் முதலாண்டு சேரும்போது ஆளுமைத் தேர்வு எழுதிய மாணவர்களில் 32 பேர், சராசரியாகப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு குடிநோய்ச் சிகிச்சைக்கு வந்தார்கள். பழைய தாள்களை எடுத்துப் பார்த்தபோது, மாணவப் பருவத்தில் அவர்கள் சக மாணவர்களைவிடச் சற்று அவசரக்காரர்களாகவும், கட்டுப்பாட்டுக்கு அடங்காதவர்களாகவும், எல்லாரிடமும் கலகலப்பாகப் பழகுபவர்களாகவும் இருந்தது தெரிந்தது. நோய் என்று சொல்லத்தக்க எதுவும் அந்தத் தாள்களில் இல்லை. சிகிச்சைக்கு வந்தபோது எழுதிய தேர்விலோ மனச்சோர்வும் குலைவும் நிறைந்திருந்தன. உறவினர்கள் இன்று தம்பியிடம் பார்க்கும் பொய், எரிச்சல், யாரைப் பற்றியும் கவலையில்லாத போக்கு ஆகியவற்றில் எவ்வளவு பழக்கத்தின் விளைவு என்று யோசித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

அந்த மாணவர்களிடம் தெரிந்த ‘சற்று’ என்ற அளவையும் புறக்கணிக்கக் கூடாது. கனடாவைச் சேர்ந்த பட்ரீசியா கான்ராட் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் பள்ளிப் பருவத்திலேயே அபாயத்தைக் காட்டும் நான்கு இயல்புகளை அடையாளம் கண்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பயிற்சி அளித்து வருகிறார்கள்: யோசிக்காமல் செய்துவிடுவது, புதுப் புது கிளர்ச்சிகளைத் தேடுவது, உடலில் தோன்றும் சிறு பதற்றத்துக்கும் அஞ்சுவது, எதிலும் நம்பிக்கையற்றுப் போவது. இவற்றில் முதல் இரண்டும் கடைசி இரண்டும் ஏறக்குறைய எதிரெதிரானவை என்பதைக் கவனியுங்கள். பந்தயம் கட்டிப் பாலத்திலிருந்து ஆற்றில் குதிக்கும் பையனும், வகுப்பில் எழுந்து பதில் சொல்லக் கை நடுங்கும் பையனும் வெவ்வேறு வழிகளில் ஒரே இடத்துக்கு வந்து சேரலாம். ஒருவருக்கு அந்தப் பொருள் கிளர்ச்சி, மற்றவருக்கு நிம்மதி. எதிரெதிர் இயல்புகள் இரண்டையும் ஒரே ஆளுமை என்று அழைப்பதில் பொருளில்லை. மேலும், இவ்வியல்புகள் கொண்டவர்களில் பெரும்பாலோர் எதற்கும் அடிமையாவதில்லை.

தாய்மாமன் விஷயத்துக்கு வருகிறேன். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், குடிநோய் வரும் வாய்ப்பில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதியைப் பரம்பரை விளக்குகிறது. ஆகவே உறவினர்கள் சொல்வதில் உண்மையே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் வழிவழியாக வருவது பெரும்பாலும் குணம் என்று நாம் நினைக்கும் ஒன்றாக இருப்பதில்லை. சான் டியகோவில் மார்க் ஷுக்கிட் என்ற மனநல மருத்துவர், குடிநோயாளிகளின் மகன்களாகிய இளைஞர்களுக்கு இருபது வயதை ஒட்டி அளந்து மது கொடுத்து, அது அவர்களை எவ்வளவு தள்ளாட வைக்கிறது என்று பதிவு செய்தார். பத்தாண்டுகள் கழித்து விசாரித்தபோது, மதுவால் மிகக் குறைவாகப் பாதிக்கப்பட்ட மகன்களில் 56 சதவீதத்தினர் குடிநோயாளிகளாகியிருந்தார்கள். எளிதில் தள்ளாடியவர்களில் அது 14 சதவீதம்தான். ‘எவ்வளவு குடித்தாலும் நிதானம் தவறாதவன்’ என்று நண்பர்கள் மெச்சும் ஆள்தான் அதிக அபாயத்தில் இருப்பவன். போதும் என்று உடல் கொடுக்க வேண்டிய எச்சரிக்கை அவனுக்குத் தாமதமாக வருகிறது. இதற்கு மறுபக்கமும் உண்டு: கிழக்காசிய மக்களில் கணிசமானோரிடம் மதுவைச் சிதைக்கும் நொதி ஒன்று சரிவர வேலை செய்வதில்லை, ஒரு குவளையிலேயே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டல் வருவதால் அவர்களிடையே குடிநோய் குறைவாகவே இருக்கிறது. நொதி ஒன்று தரும் இந்தப் பாதுகாப்புக்கும் ஒழுக்கத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல விரும்பும் சான்று. 1971இல் வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படையினருக்கு மிகத் தூய்மையான ஹெராயின், முகாம் வாசலிலேயே, சில டாலருக்குச் சிறு குப்பிகளில் கிடைத்தது. பெரும்பாலோர் அதை ஊசியாகப் போடவில்லை. சிகரெட்டில் புகையிலையோடு கலந்து புகைத்தார்கள். படையினரில் பத்துப் பதினைந்து சதவீதத்தினர் அடிமையாகிவிட்டார்கள் என்று இரண்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் வந்து சொன்னதும் வாஷிங்டன் அதிர்ந்தது. ஜூன் மாதத்தில் அதிபர் நிக்சன், போதைப் பழக்கமே நாட்டின் முதல் எதிரி என்று அறிவித்து, ஜெரோம் ஜாஃபி என்ற மனநல மருத்துவரின் கீழ் ஒரு சிறப்பு அலுவலகத்தை அமைத்தார். விமானம் ஏறுவதற்கு முன் ஒவ்வொரு வீரரும் சிறுநீர் மாதிரி கொடுக்க வேண்டும், போதைப்பொருள் தெரிந்தால் நச்சு நீக்கிய பிறகே ஊருக்கு அனுப்பப்படுவார் என்று உத்தரவாயிற்று. இப்படித் திரும்பியவர்கள் என்ன ஆனார்கள் என்று கண்டறியும் பொறுப்பை செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீ ராபின்ஸ் என்ற பெண் ஆய்வாளரிடம் ஜாஃபி ஒப்படைத்தார்.

1971 செப்டம்பரில் திரும்பிய தரைப்படையினரில் ஏறத்தாழ 900 பேரை, அவர்கள் ஊர் திரும்பி எட்டு முதல் பன்னிரண்டு மாதங்கள் ஆன நிலையில், ராபின்ஸின் குழு வீடு வீடாகத் தேடிச் சென்று விசாரித்தது. வாய்வார்த்தையை மட்டும் நம்பாமல் சிறுநீர் மாதிரியும் கேட்டு வாங்கியது. வியட்நாமில் இருந்தபோது ஏறக்குறையப் பாதிப் பேர் ஓபியம் அல்லது ஹெராயினைத் தொட்டிருந்தார்கள். ஐவரில் ஒருவர் தாம் அடிமையாகவே இருந்ததாக ஒப்புக்கொண்டார். அப்படி அடிமையாக இருந்தவர்களில், நாடு திரும்பிய முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். மூன்று ஆண்டுகள் வரை நீட்டிப் பார்த்தும், சிறிது காலமேனும் மீண்டும் அடிமைநிலைக்குப் போனவர்கள் 12 சதவீதத்தைத் தாண்டவில்லை. இவர்களில் மிகச் சிலரே சிகிச்சை பெற்றவர்கள். இன்னும் வியப்பான செய்தி, ஏறத்தாழப் பாதிப் பேர் ஊர் திரும்பிய பிறகும் ஒரு முறையாவது அப்பொருளைத் தொட்டுப் பார்த்திருந்தார்கள் என்பது. தொட்டும் அவர்களில் பெரும்பாலோர் மீண்டும் சிக்கவில்லை.

இந்த முடிவை முதலில் பலர் நம்பவில்லை. அரசுக்குச் சாதகமாகச் சொல்லப்பட்டது என்றுகூடச் சந்தேகித்தார்கள். நம்பாததற்குக் காரணம் லெக்சிங்டன். அங்கே மாதக்கணக்கில் போதையின்றி இருந்து, உடல் தேறி, வெளியே போனவர்களில் பெரும்பாலோர் மீண்டும் தொடங்கினார்கள். நியூயார்க் நகரத்து நோயாளிகள் நூறு பேரைப் பின்தொடர்ந்த ஜார்ஜ் வேலண்ட் என்ற மனநல மருத்துவர் கண்டதும் அதுவே. வேறுபாடு, அவர்கள் எங்கே திரும்பிப் போனார்கள் என்பதில் இருக்கிறது. வியட்நாமிலிருந்து வந்தவர், ஹெராயின் புகைத்த காடு, முகாம், பயம், சலிப்பு, கூட்டாளிகள் அனைத்தையும் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு, போதைக்கு முன்பே தமக்கு ஒரு வாழ்க்கை இருந்த ஊருக்குப் போனார். லெக்சிங்டனிலிருந்து வெளியேறியவர் தாம் ஊசி போட்ட அதே தெருவுக்குப் போனார். ஆளுமைதான் காரணம் என்றால் அந்த ஆளுமை வீரரோடு சேர்ந்து விமானம் ஏறி ஊருக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் நியாயமாக ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும்: படையில் சேருவதற்கு முன்பே பள்ளிக்கு மட்டம் போடுவது, அடிதடி, கைது என்று இருந்தவர்களே வியட்நாமில் போதையில் இறங்குவதற்கு அதிக வாய்ப்புள்ளவர்களாக இருந்தார்கள் என்பதையும் ராபின்ஸ் கண்டார். யார் முதலில் தொடுவார் என்பதை இயல்பு ஓரளவு காட்டியது. தொட்டவர் அதிலேயே தங்கிவிடுவாரா என்பதை ஊரும் சூழலும் பெரிதும் தீர்மானித்தன.

சூழல் என்று நான் சொல்வது கெட்ட சகவாசம் என்ற வழக்கமான பொருளில் மட்டும் அன்று. அது உடலுக்குள்ளேயே இறங்கிவிடுகிற ஒன்று. லெக்சிங்டனில் பணியாற்றிய ஏப்ரஹாம் விக்லர் என்ற ஆய்வாளர் 1940களில் இதைக் கண்ணால் பார்த்தார். போதையை நிறுத்திப் பல மாதங்களான நோயாளிகள் குழுவாக அமர்ந்து பேசும்போது, பேச்சு ஹெராயின் பக்கம் திரும்பினால் சிலருக்குக் கொட்டாவி வரும், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும், வியர்க்கும். அவை ஹெராயினை நிறுத்திய முதல் சில நாட்களில் தோன்றும் அதே விலகல் அறிகுறிகள். உடலில் ஒரு துளி மருந்தும் எஞ்சியிராத காலத்தில், பேச்சு மட்டுமே அவற்றை வரவழைத்தது. என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஓர் ஆட்டோ ஓட்டுநர், நான்கு மாதம் தொடாமல் இருந்த பிறகு, முன்பு ஊசி போட்டுக்கொண்ட மேம்பாலத்தின் அடியில் ஒரு சவாரியை இறக்கிவிட நேர்ந்தபோது வயிற்றைக் கலக்கி, உள்ளங்கை நனைந்து, ஹேண்டில் வழுக்கியதாகச் சொன்னார். மனம் அதை நினைக்கவே இல்லை, உடம்புதான் நினைத்தது என்றார். இதை மனவுறுதிக் குறைவு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

மூளையில் நடப்பதையும் ஓரளவு அறிவோம். ஓபியம் வகைப் பொருள்கள், கொக்கெய்ன், நிக்கோட்டின், மது ஆகிய ஒவ்வொன்றும் வெவ்வேறு வாசல் வழியாக உள்ளே நுழைந்தாலும், நடுமூளையிலிருந்து புறப்படும் டோப்பமின் நரம்புகளைத் தூண்டுவதில் ஒன்றுபடுகின்றன. டோப்பமினை இன்பத்தின் இரசாயனம் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன, அது சரியன்று. எது முக்கியம், எதைத் தேடிப் போக வேண்டும் என்று முத்திரை குத்துவதே அதன் முதன்மையான வேலை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெரி ராபின்சனும் கென்ட் பெரிட்ஜும் 1993இல் முன்வைத்த விளக்கத்தின்படி, ஒரு பொருளை வேண்டுவதும் அதை அனுபவித்து மகிழ்வதும் மூளையில் தனித்தனி ஏற்பாடுகள். போதை தொடரத் தொடர மகிழ்ச்சி தேய்கிறது, வேட்கையோ கூர்மையாகிறது. ‘எனக்கு இதில் ஒரு சுகமும் இல்லை, ஆனாலும் விட முடியவில்லை’ என்று நோயாளி சொல்லும்போது அவர் நடிக்கவில்லை. கேட்கும் குடும்பத்தார்க்கு அது சாக்குப்போக்காகத் தோன்றுவது இயற்கை. என்றாலும் அது அவர் நிலையைப் பற்றிய துல்லியமான வாக்குமூலம்.

எந்தப் பொருள் என்பதற்கும் பங்கு உண்டு. அமெரிக்காவில் நடந்து 1994இல் வெளியான ஒரு பெரிய கணக்கெடுப்பின்படி, ஒரு முறையாவது பயன்படுத்தியவர்களில் பிற்பாடு அடிமையானவர்கள் புகையிலையில் 32 சதவீதம், ஹெராயினில் 23, மதுவில் 15. ஹெராயினிலும் நால்வரில் மூவர் அடிமையாகவில்லை என்பதைச் சிலர் ஆறுதலாக எடுத்துக்கொள்வார்கள். அந்த நான்காமவர் யார் என்று எவருக்கும் முன்கூட்டியே தெரியாது. உங்கள் தம்பி பயன்படுத்தும் மாத்திரைகள் ஹெராயின் வேலை செய்யும் அதே இடத்தில்தான் வேலை செய்கின்றன. அவற்றை வாயில் போடுவதைவிட ஊசியில் போட்டால் மூளையைச் சேரும் வேகம் பன்மடங்கு கூடும். வேகம் கூடக் கூடக் கற்றல் ஆழமாகும்.

ஆகவே ‘தம்பி எப்படிப்பட்டவர்’ என்று கேட்பதைவிட, அந்த ஊசி அவருக்கு என்ன செய்து கொடுக்கிறது என்று கேளுங்கள். சான் டியகோவில் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் அடி, பாலியல் துன்புறுத்தல், வீட்டில் வன்முறை போன்ற கொடுமைகளில் நான்கு வகைகளையோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்கு, எதையும் அனுபவிக்காதவர்களைவிட, குடிநோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் நான்கு முதல் பன்னிரண்டு மடங்கு இருந்தது. எல்லார் கதையிலும் அப்படி ஒரு காயம் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. சிலரிடம் கவனக்குறைவுக் கோளாறோ, கண்டறியப்படாத மனச்சோர்வோ, தூக்கமின்மையோ இருக்கும். வீடியோ கேமை விட முடியாத சிறுவன் என்ற செய்தியை வைத்து அவருக்கு ஒரு பெயர் சூட்டிவிடாமல், ஒரு மனநல மருத்துவரிடம் அதை அப்படியே சொல்லுங்கள். கவனக்குறைவுக் கோளாறாக இருந்தால் அதற்குத் தனி மருத்துவம் இருக்கிறது.

சிகிச்சை வீண் என்பது அறவே தவறு. நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் இருவரும் 1964இல் தொடங்கிய மெத்தடோன் மருத்துவத்திலிருந்து இன்று இந்தியாவில் அதிகம் பயன்படும் பியூப்ரினார்ஃபின் வரை, ஓபியம் வகை அடிமைத்தனத்துக்கு நல்ல பயன் தரும் மருந்துகள் உள்ளன. இவற்றை எடுத்துக்கொள்ளும் காலத்தில் நோயாளிகளின் இறப்பு வீதம், எடுக்காத காலத்தில் இருப்பதைவிடப் பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது. ‘ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை’ என்று சொல்லி இதைத் தடுப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தினமும் இன்சுலின் போடுகிறவரை யாரும் அப்படிச் சொல்வதில்லை. தம்பி சென்ற இரண்டு மையங்களிலும் இம்மருந்து கொடுக்கப்பட்டதா என்று விசாரியுங்கள். அடைத்து வைத்து நாட்களை எண்ணுவது மட்டுமே நடந்திருந்தால், சிகிச்சை தோற்றது என்று சொல்ல இடமில்லை, அது இன்னும் தொடங்கவே இல்லை. சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. கட்டியும் அடித்தும் திருத்துவதாகச் சொல்லும் இடத்தில் அவரைச் சேர்க்காதீர்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள், அல்லது மத்திய அரசின் 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசுங்கள்.

கடைசியாக, மிக அவசரமான ஒன்று. கனடாவின் ஷெப்பர்ட் சீகல், ஹெராயினுக்குப் பழக்கிய எலிகளுக்கு 1982இல் மிகை அளவு கொடுத்துப் பார்த்தார். வழக்கமாகப் பெறும் இடத்தில் பெற்றவற்றில் 32 சதவீதம் செத்தன. அறிமுகமற்ற இடத்தில் பெற்றவற்றில் 64 சதவீதம். ஹெராயினே அறியாதவற்றில் 96 சதவீதம். தாங்கும் திறன் இடத்தோடும் பழக்கத்தோடும் கட்டுண்டது என்பதையும், பழக்கம் விட்டுப்போன உடல் எவ்வளவு நிராதரவானது என்பதையும் இந்த எண்கள் காட்டுகின்றன. மனிதர்களிடமும் இப்படித்தான். வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து விடுதலையானவர்களை ஆராய்ந்தபோது, முதல் இரண்டு வாரங்களில் மிகை அளவால் இறக்கும் அபாயம் பொதுமக்களைவிட 129 மடங்காக இருந்தது. மையத்திலிருந்து வீடு திரும்பும் தம்பிக்கும் அதே ஆபத்து உண்டு: சேர்வதற்கு முன் தாங்கிய அளவை இப்போது ஒரே முறை எடுத்தாலும் மூச்சு நின்றுவிடலாம். இதை அவரிடம் மறைக்காமல், மிரட்டாமல் சொல்லுங்கள். முதல் வாரங்களில் அவர் தனியே அறையைப் பூட்டிக்கொள்ளாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். எழுப்பியும் எழாமல், உதடு நீலம் பாய்ந்து, குறட்டை போல மூச்சு இழுத்தால், தூங்குகிறார் என்று விட்டுவிடாமல் உடனே 108ஐ அழைத்து, என்ன எடுத்தார் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். நலாக்சோன் என்ற ஊசி அந்த நிலையிலிருந்தும் சில நிமிடங்களில் மூச்சைத் திருப்பிக் கொண்டுவரக் கூடியது.